கண் தாழ்ந்தால் பேச்சு நிற்கும்

வாஷிங்டனில் எங்களுக்கு அது இரண்டாம் நாள். கேலடெட் பல்கலைக்கழக வாசலுக்குச் சற்று உள்ளே, இலை பழுத்த ஒரு மரத்தடியில், எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார் எங்களுக்காகக் காத்திருந்தார். பிறவியிலேயே காது கேளாதவர். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைக் கண்டதும் கையை அகல வீசி வரவேற்றுப் பேசத் தொடங்கினார். கைகளால்தான். என்னோடு வந்திருந்த தோழி இரண்டு கையையும் கூப்பினாள், தலையைக் குனிந்தாள், குனிந்தபடியே நின்றாள். அம்மையாரின் கைகள் அந்தரத்தில் நின்றுபோயின.

சைகையில் பேசுகிறவருக்கு எதிரே இருப்பவரின் கண்தான் காது. பேச்சின் நடுவே அதைத் தாழ்த்துவது, முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்துவதற்குச் சமம். அம்மையார் சில நொடி காத்திருந்தார். பிறகு தன் கையைத் தாழ்த்தி, தோழியின் பார்வை விழுந்திருந்த இடத்துக்கே கொண்டுபோய் மெல்ல அசைத்தார். இவள் நிமிர்ந்தாள். "நான் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா?" என்று கேட்டார் அவர்.

தோழி திண்டுக்கல் பக்கத்துக்காரி. பிறந்தது முதல் காது கேளாது. பெரியவர்கள் முன் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று வளர்த்த வீடு. தன்னைப் போன்றவர்களோடு இருக்கும்போது கண்ணை இமைக்காமல் பேசுவாள். அப்பா எதிரே வந்தால் கண் தானாகத் தரைக்குப் போய்விடும். ஒரே உடம்பில் இரண்டு மரியாதைகள். முன்பின் தெரியாத நாட்டில், வயதில் மூத்த ஒருவரைப் பார்த்ததும், வீட்டு மரியாதைதான் முந்திக்கொண்டு எழுந்தது. பதினான்கு வருடமாகச் சைகை மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கும் நான் அருகில் நின்றேன். இருபக்கமும் தெரிந்தும், நடந்தது என்ன என்று புரிய எனக்கு நேரமாயிற்று.

தோழிக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுடைய உண்மையான பெயர், ஆட்காட்டி விரலால் கன்னத்தைத் தொட்டு லேசாகத் திருகுவது. ஆறு வயதில் விடுதியில் சேர்ந்தபோது மூத்த மாணவிகள் அவள் சிரிப்பைப் பார்த்து வைத்த பெயர். ஆகவே இந்தக் கட்டுரையில் அவள் கன்னக்குழி. எனக்கும் அவர்கள் உலகில் ஒரு பெயர் இருக்கிறது: புருவத்தின் மேலுள்ள தழும்பு. நம் ஊரில் சைகைப் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மச்சம், தழும்பு, சுருட்டை முடி, உயரம் என்று உடம்பிலிருந்து எடுக்கப்படுகின்றன. அமெரிக்காவில் பெயரின் முதல் எழுத்தை ஒரு கையால் காட்டி, அதைத் தாடையிலோ தோளிலோ வைத்துப் பெயராக்கும் வழக்கம் வலுவாக இருக்கிறது. அங்கே ஒரு மாணவி கன்னக்குழிக்குப் புதிதாக அப்படி ஒரு பெயர் வைக்க ஆசைப்பட்டாள். இவள் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள். மூத்தவர்கள் வைத்த பெயரை மாற்ற முடியாது என்றாள். அதில் ஒரு கிராமத்துப் பெண்ணின் உறுதி இருந்தது.

கேலடெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காது கேளாதோருக்கும் அரைகுறையாகக் கேட்பவர்களுக்கும் என்றே நடக்கும் பல்கலைக்கழகம் இது. ஏமஸ் கெண்டல் என்பவர் கொடுத்த நிலத்தில் 1857இல் சிறுவர் பள்ளியாகத் தொடங்கியது. பட்டம் வழங்கும் உரிமையை 1864இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டுத் தந்தார். அமெரிக்கச் சைகை மொழியின் கதை அதற்கும் பழையது. பாரிஸ் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியரான லோரான் க்ளெர்க், காது கேளாதவர், 1816இல் தாமஸ் கேலடெட் என்ற அமெரிக்கரோடு கப்பலேறி அமெரிக்கா வந்தார். கடலில் போன நாட்களில் ஒருவர் சைகை சொல்லித்தர, மற்றவர் ஆங்கிலம் சொல்லித்தந்தார். மறு வருடம் ஹார்ட்ஃபர்ட்டில் பள்ளி திறந்தார்கள். அதனால்தான் அமெரிக்கச் சைகை பிரெஞ்சுச் சைகைக்கு நெருங்கிய சொந்தம். ஆங்கிலம் பேசும் லண்டனின் சைகையோடு அதற்கு ஒட்டில்லை. நம் இந்தியச் சைகையில் ஆங்கில எழுத்துகளை இரண்டு கையாலும் காட்டுகிறோம், பிரிட்டன் வழியாக வந்த பழக்கம். அமெரிக்காவில் ஒரு கைதான். உலகம் முழுக்கச் சைகை ஒன்றுதானே என்று கேட்காதவர் நம் ஊரில் குறைவு. நம் மொழியில் பெண் என்றால் மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட வேண்டும், ஆண் என்றால் மீசை. அமெரிக்காவில் பெண் தாடைப்பக்கம், ஆண் நெற்றிப்பக்கம். மூக்குத்தியே பழக்கமில்லாத ஊரில் மூக்குத்தி எப்படிச் சொல்லாகும்?

ஆனாலும் கன்னக்குழியும் அந்த அம்மையாரும் ஒரு மணி நேரத்தில் பேசிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் சொல்லை மற்றவர் திருப்பிக் காட்டி, சரிதானா என்று புருவத்தால் கேட்டு, இல்லையென்றால் நடித்துக் காட்டி, காற்றில் வரைந்து, இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையை அங்கேயே கட்டிக்கொண்டார்கள். காது கேட்கும் நான் இரண்டாம் நாள் மாலைவரை திணறினேன். வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புரியவைக்கப் பாடுபட்டவர்களுக்கு இருக்கும் பொறுமையும் திறமையும் மற்றவர்களுக்கு வாய்ப்பதில்லை.

ஹெச் தெருவில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடை இருக்கிறது. 2018இல் திறந்தது, ஊழியர் எல்லோருக்கும் சைகை தெரியும். அங்கே காபி தந்த இளைஞர், சர்க்கரை வேண்டுமா என்று கேட்டார். நம் வழக்கப்படி நான் தலையை இருபுறமும் ஆட்டி, ஆமாம் என்றேன். அவர் சர்க்கரையைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டார். அமெரிக்கச் சைகையில் தலையைப் பக்கவாட்டில் அசைப்பது இலக்கணம். கை என்ன சொன்னாலும் அந்த அசைவு அதை 'இல்லை' ஆக்கிவிடும். காபிக் கடையில் இதனால் நஷ்டமில்லை. நீதிமன்றத்திலோ குழந்தைக்கு அறுவை சிகிச்சை என்று சொல்லும் அறையிலோ இதே தலையசைப்பு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். காபி ஆறிவிட்டது.

பல்கலைக்கழகத்தில் என் கண்ணை அதிகம் இழுத்தது கட்டடம். 2005 முதல் ஹான்சல் பாமன் என்ற கட்டடக் கலைஞர் அங்குள்ள காது கேளாதோரோடு கூடிப் பேசி, கண்ணால் பேசுகிறவர்களுக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று ஒரு முறையை வகுத்தார். சைகையில் பேசிக்கொண்டே நடக்கும் இருவர் ஒருவரையொருவர் பார்த்தபடியே நடக்க வேண்டும். அதற்கு நடைபாதை அகலமாக இருக்க வேண்டும். மூலை திரும்பும்போது எதிரே வருபவரின் காலடி கேட்காது. ஆகவே மூலைகளை மழுக்க வேண்டும், கண்ணாடி வைக்க வேண்டும். கதவு தானே திறக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்தால் பேச்சு அறுந்துவிடும். சுவரின் நிறம் கையின் தோல்நிறம் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும். வெளிச்சம் கண்ணைக் கூசாமல் பரவ வேண்டும். இதையெல்லாம் பார்த்தபோது கன்னக்குழி தன் பள்ளி வகுப்பறையைச் சொன்னாள். மாணவிகள் ஒருவர் பின்னால் ஒருவர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் இருப்பவளின் பின்னலைத்தான் பார்க்க முடியும். சைகை செய்தால் கையில் அடி விழும். வாயசைத்துப் பேசப் பழகினால்தான் உருப்படுவாய் என்பார்கள். 1880இல் மிலன் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பள்ளிகளில் சைகை வேண்டாம், பேச்சுப் பயிற்சி மட்டும் போதும் என்று தீர்மானித்தது. அந்த மாநாட்டின் வாரிசான அமைப்பு 2010இல் வான்கூவரில் கூடி அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 130 வருடம் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் எத்தனை ஊரில் எத்தனை பிள்ளைகளின் கையில் அடி விழுந்ததோ.

அந்த அகன்ற நடைபாதையில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. இருவர் எட்ட எட்ட நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வழி அவர்களுக்கு நடுவில்தான். நம் வீட்டில் பெரியவர்களுக்கு இடையே போக நேர்ந்தால் எப்படிப் போவோமோ அப்படியே முதுகை வளைத்து, வலக்கையைத் தாழ நீட்டி, மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு மெல்ல மெல்லக் கடந்தேன். இருவரும் பேச்சை நிறுத்தி என்னையே பார்த்தார்கள். அம்மையார் பிறகு சொன்னார்: நேராக, வேகமாகப் போய்விடு, அதுதான் மரியாதை. நீ குனியக் குனிய அவர்கள் பார்வை உன்மேல்தான் விழும்.

வேறு சில பழக்கங்கள் எங்களைச் சொந்த வீட்டில் உட்கார வைத்தன. ஒருவர் கன்னக்குழியைப் பார்த்து, படத்தில் பார்த்ததைவிடக் குண்டாக இருக்கிறாயே என்றார். உடன் இருந்த காது கேட்கும் அமெரிக்கப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. கன்னக்குழிக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. கண்ணால் பார்த்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்வது டெஃப் மக்களிடம் இயல்பு. நம் கல்யாண வீட்டு அத்தைகளும் "என்னடி இப்படி எளச்சுட்ட" என்றுதானே பேச்சையே தொடங்குகிறார்கள்!

டெஃப் என்று எழுதுகிறேன், காரணம் சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் உட்வர்ட் என்ற மொழியியலாளர் 1972இல் ஒரு வழக்கத்தை முன்வைத்தார்: செவிப்புலன் இல்லாமையைச் சொல்ல ஆங்கிலச் சிறிய எழுத்து, சைகை மொழியால் ஒன்றுபட்ட மக்களைச் சொல்லப் பெரிய எழுத்து. தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. நம்மிடம் இருக்கும் சொற்களோ எல்லாம் காதையே சுற்றி வருகின்றன: செவிடு, காது கேளாதோர், செவித்திறன் குறைந்தோர். எது இல்லை என்றுதான் இவை சொல்கின்றன. என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. கன்னக்குழியும் அவள் நண்பர்களும் வாட்ஸாப்பில் 'டெஃப்' என்றே எழுதுகிறார்கள். ஒரு மக்கள் கூட்டம் தனக்கு வைத்துக்கொண்ட பெயரை நாம் திருத்தக் கூடாது என்பது என் எண்ணம்.

1988 மார்ச்சில் இந்த வளாகம் கொந்தளித்தது. 124 வருடமாக ஒரு டெஃப் தலைவர்கூட இல்லாத பல்கலைக்கழகத்துக்கு மீண்டும் காது கேட்கும் ஒருவரையே, அதுவும் சைகை தெரியாதவரையே, ஆட்சிக் குழு தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் வாசல்களை அடைத்தார்கள், நாடாளுமன்றக் கட்டடம் நோக்கி ஊர்வலம் போனார்கள். ஒரே வாரத்தில் ஐ. கிங் ஜோர்டன் முதல் டெஃப் தலைவரானார். அந்த வாரத்தைப் பற்றிச் சொல்லும்போது அம்மையாரின் கைகள் இளமையாகிவிட்டன.

ஆனால் அதே அம்மையார்தான், நாங்கள் கேட்காமலே, இன்னொரு கதைக்கும் கூட்டிப்போனார். அவர் வெள்ளையர். அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் கை மெதுவானது. இதே வளாகத்தில் உள்ள கெண்டல் பள்ளியிலிருந்து 1905இல் கறுப்பினக் குழந்தைகளை நீக்கி, மேரிலாண்டில் தனிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சொந்த ஊரில் பள்ளி இருக்க, ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து பால்டிமோர் பக்கம் போய்த் தங்கினார்கள். லூயிஸ் மில்லர் என்ற தாய், காது கேளாத பிள்ளைகளைப் பெற்றவர், மற்ற பெற்றோரோடு சேர்ந்து வழக்குப் போட்டு 1952இல் வென்றார். வென்ற பிறகும் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று வளாகத்திலேயே தனிக் கட்டடம் கட்டினார்கள். சேர்ந்து படிக்க, பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர வேண்டியிருந்தது. அந்நாளில் அங்கே பயின்ற 24 மாணவர்களுக்கும் 4 ஆசிரியர்களுக்கும் கேலடெட் 2023இல் விழா எடுத்துச் சிறப்புச் செய்தது. பட்டயம் வாங்கப் பலர் உயிரோடு இல்லை.

ஊரும் சேரியும் தனித்தனியாக வாழ்ந்தால் பேச்சு வழக்கும் தனித்தனியாக வளரும் என்பது நமக்குத் தெரியும். கைகளுக்கும் அதுவே நடந்திருக்கிறது. தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய பள்ளிகளில் கறுப்பினச் சைகை வழக்கு ஒன்று உருவாயிற்று: அகன்ற வீச்சு, இரண்டு கையும் சேரும் பழைய வடிவங்கள், நெற்றியளவு உயரும் சொற்கள். கறுப்பின மாணவி கேரலின் மெக்காஸ்கில் 1968இல் அலபாமாவில் வெள்ளையர் பள்ளிக்கு மாறியபோது ஆசிரியரின் சைகை அவருக்குப் புரியவில்லை. பின்னாளில் கேலடெட் பேராசிரியராகி, தன் மக்களின் வழக்கை ஆராய்ந்து, மூன்று ஆய்வாளர்களோடு சேர்ந்து 2011இல் நூலாக்கினார். இதில் நெஞ்சை உறுத்தும் ஒன்று உண்டு. வெள்ளையர் பள்ளிகளில் சைகையை விரட்டிப் பேச்சுப் பயிற்சியைத் திணித்த காலத்தில், கறுப்பினப் பிள்ளைகளுக்கு அந்தச் 'சிறப்பு'ப் பயிற்சி எதற்கு என்று விட்டுவிட்டார்கள். புறக்கணித்த இடத்தில் பழைய மொழி பிழைத்துக்கொண்டது.

ஆண்ட்ரூ ஃபாஸ்டர் பெயரையும் அங்கே கேட்டோம். 1954இல் கேலடெட்டில் பட்டம் பெற்ற கறுப்பினர். 1957இல் கானா போனார். ஆப்பிரிக்காவில் 32 பள்ளிகளை நிறுவினார். அவர் போகாவிட்டால் எழுத்தறியாமலே போயிருக்கும் பிள்ளைகள் எண்ணில்லாதவர்கள். அவரோடு அமெரிக்கச் சைகையும் போயிற்று. கானாவில் அடமோரோபே என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக ஊராரே புழங்கிய சைகை மொழி இன்று, பள்ளி வழி வந்த மொழியின் முன்னால் நலிந்துகொண்டிருக்கிறது. நல்லெண்ணத்தோடு போகிறவரின் பையிலும் தன் ஊர் மொழி இருக்கும். இதை நினைக்கையில் மதன் வசிஷ்டா மேல் எனக்கு மதிப்புக் கூடியது. இமாசலக் கிராமத்தில் பிறந்து சிறுவயதில் செவிப்புலன் இழந்து, 1967இல் கேலடெட் போனவர். அமெரிக்கச் சைகையில் கரைந்தும், இந்தியாவுக்குத் திரும்பி வந்து இந்தியச் சைகையைப் பதிவு செய்யும் வேலையில் உட்வர்டோடு 1970களில் இறங்கினார். இங்கிருந்ததை முதலில் பார்த்து எழுதினார்.

பயணத்தின் கடைசி வாரத்தில் மொழிபெயர்ப்பாளர்களுக்கான ஒரு பயிற்சியில் உட்கார இடம் கிடைத்தது. வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் எத்தியோப்பியர்களும் எல் சால்வடோர்காரர்களும் திரளாக இருக்கிறார்கள். அங்கிருந்து வரும் டெஃப் மக்களில் சிலருக்கு அமெரிக்கச் சைகையும் தெரியாது, எழுத்தும் தெரியாது. வீட்டுக்குள் புழங்கிய சில கை அசைவுகள்தான் மொழி. அவர்களுக்காக டெஃப் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். டாக்டர் சொல்வதைக் காது கேட்கும் மொழிபெயர்ப்பாளர் சைகையாக்குவார். அதை அருகிலிருக்கும் டெஃப் மொழிபெயர்ப்பாளர் வாங்கி, நடிப்பாக, படமாக, பொம்மையாக உடைத்து நோயாளிக்குக் கொடுப்பார். நேரம் அதிகமாகும். புரியாமல் தலையாட்டுவது வெகுவாகக் குறையும்.

அந்த வகுப்பில்தான் பத்து வருடமாக நெஞ்சில் கிடந்ததை எடுத்துச் சொன்னேன். தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனை. முப்பது வயதுப் பெண், டெஃப், கர்ப்பப்பையில் கட்டி. டாக்டர் அவளைப் பார்க்காமல் அவள் அம்மாவிடமே பேசினார். "கர்ப்பப்பைய எடுத்துடறதுதான் நல்லதும்மா." அம்மாவுக்குக் கண் கலங்கியது. என் பக்கம் திரும்பி, "இப்ப அவகிட்ட சொல்லாத கண்ணு, வீட்டுக்குப் போயி நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்" என்றார். வயதில் மூத்தவர், பெற்றவர், அழுகிறார். நான் பணிந்தேன். மாத்திரை எழுதித் தருகிறார், மீதியை அம்மா சொல்வார் என்று அவளுக்குச் சைகை செய்தேன். அந்த அம்மாவுக்குச் சைகை தெரியாது. பக்குவமாகச் சொல்ல அவரிடம் மொழியே இல்லை. மறுமுறை, கையெழுத்துப் போடும் நாளில்தான் அவளுக்குத் தெரிந்தது. அவள் என்னிடம் கேட்டது: "எல்லோரும் எனக்குப் பதிலாகக் கேட்கிறார்கள். நீயுமா?"

எல் சால்வடோர் குடும்பத்தில் பிறந்த ஒரு டெஃப் மொழிபெயர்ப்பாளர் இதைக் கவனமாகப் பார்த்தார். தொழில் விதியைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "என் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அவளைக் குற்றவாளி ஆக்காதே. அவள் சொன்னதையும் நீ கையில் சொல்லியிருக்கலாம். 'இப்போது உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா கேட்கிறார், அழுகிறார்.' அதுவும் அந்த அறையில் பேசப்பட்ட பேச்சுதானே? அந்த அழுகையைப் பார்க்கும் உரிமை மகளுக்கு உண்டு."

எனக்கு அன்று வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அறைக்குள் நுழையும்போதே, "இங்க என்ன பேசினாலும் நான் அவங்களுக்குச் சொல்லிடுவேன்மா" என்று முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். ஊர் திரும்பியதிலிருந்து சொல்லி வருகிறேன்.

கிளம்பும் நாளில் அம்மையார் வீட்டில் விருந்து. ஒன்பது பேர், கூடத்தை விட்டுவிட்டு எல்லோரும் சமையலறையில் நின்றோம். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருந்தது. விடைபெறத் தொடங்கியது எட்டு மணிக்கு. கதவருகே அரை மணி, படிக்கட்டில் அரை மணி, தெருவிளக்கின் கீழ் இன்னும் கொஞ்சம். அடுத்து எப்போது தன் மொழிக்காரரைப் பார்ப்போமோ என்ற ஏக்கம் அந்த மக்களுக்கு வழிவழியாக உண்டு. போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு வாசலில் ஒரு மணி நேரம் நிற்கும் வீடுகளிலிருந்து வந்த எங்களுக்கு இதைப் பழக வேண்டியிருக்கவில்லை.

நோமா–கேலடெட் ரயில் நிலையம்வரை அம்மையார் கூடவே வந்தார். மேலே நடைமேடையில் ரயில் வந்து நின்றது, ஏறினோம், கதவு மூடியது. என் விடைபெறல் அத்தோடு முடிந்தது. அவர்களுடையது முடியவில்லை. கண்ணாடிக்கு அப்புறம் அவர் கைகள் பேச, இப்புறம் கன்னக்குழி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தலை குனியவே இல்லை. ரயில் நகர்ந்து அவர் மறைந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அடுத்த தடவை உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா என்றார், அக்கா. அம்மாவுக்குச் சைகை தெரியாதே என்றேன்."

"அதற்கு?"

கன்னக்குழி தன் புருவத்தின் மேல் விரலை வைத்து என் பெயரைச் சொன்னாள். பிறகு அம்மையார் எப்படிக் கேட்டாரோ அப்படியே, புருவத்தை உயர்த்திக் கேட்டாள்: "இவள் எதற்கு இருக்கிறாள்?"